இஞ்ச் டேப்பும் இரண்டு கரண்டி சோறும்

இதழின் ஒலிப் பகுதிக்காகப் பேசியதன் எழுத்து வடிவம் இது. ஹெட்செட் இல்லாமல் பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிறவங்களும் படிக்கட்டுமே என்று தருகிறோம்.

இன்றைக்குப் பேசப்போவது பெண்களின் சர்க்கரை, கொழுப்பு, ரத்த அழுத்தம், இடுப்பளவு பற்றி. தனித்தனிப் பிரச்சினை மாதிரி தெரிந்தாலும் இவை எல்லாம் ஒரே வேர். 'வளர்சிதை மாற்ற ஆரோக்கியம்' என்று டாக்டர்கள் சொல்வது இதைத்தான். பேர் பெரிசா இருக்கேன்னு பயப்பட வேண்டாம். சாப்பிட்டதை உடம்பு எப்படிச் செலவு செய்கிறது, மிச்சத்தை எங்கே சேர்த்து வைக்கிறது என்கிற வரவு செலவுக் கணக்குதான் அது.

வீட்டில் தையல் வேலைக்கு வைத்திருக்கிற இஞ்ச் டேப் இருந்தால் எடுத்துக்குங்க. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்பகுதிக்கும் நடுவில் டேப்பைச் சுற்றுங்க. கொசுவத்துக்கு மேலே வைத்து அளக்கக் கூடாது. மூச்சைச் சாதாரணமாக வெளியே விட்ட பிறகு, வயிற்றை உள்ளே இழுக்காமல் அளவு பாருங்க. நம் நாட்டுப் பெண்களுக்கு 80 சென்டிமீட்டர், அதாவது 31 அரை அங்குலம்தான் எல்லை. ஆண்களுக்கு 90. பக்கத்தில் வீட்டுக்காரர் இருந்தால் அவரையும் நிற்க வைத்து அளந்துடுங்க.

எடை மிஷின் இருக்கும்போது டேப் எதுக்கு என்று கேட்கலாம். எடை நார்மலாக இருக்கும், ஆனால் வயிற்றைச் சுற்றி மட்டும் கொழுப்பு சேர்ந்திருக்கும். நம் பகுதிப் பெண்களிடம் இது ரொம்ப சகஜம். ஈரலைச் சுற்றியும் குடலைச் சுற்றியும் சேர்கிற இந்தக் கொழுப்புதான் இன்சுலினை வேலை செய்ய விடாமல் தடுக்கிறது. அதனால்தான் உயரத்தையும் எடையையும் வைத்துப் போடுகிற பிஎம்ஐ கணக்கில் மேல்நாட்டவருக்கு 25 என்று இருக்கிற எல்லையை, இந்தியர்களுக்கு 23 என்று டாக்டர்கள் குறைத்து வைத்திருக்கிறார்கள்.

இடுப்பளவு ஒன்று. ரத்த அழுத்தம் 130க்கு 85 அல்லது அதற்கு மேல். வெறும் வயிற்றில் சர்க்கரை 100 அல்லது அதற்கு மேல். டிரைகிளிசரைடு என்கிற கொழுப்பு 150 அல்லது அதற்கு மேல். நல்ல கொழுப்பு எனப்படும் ஹெச்டிஎல் பெண்களுக்கு 50க்குக் கீழே. இந்த ஐந்தில் மூன்று இருந்தால் உடம்பின் கணக்கு தப்பிப் போயிருக்கிறது என்று அர்த்தம். இதில் எதுவுமே வலிக்காது. அதுதான் இதில் உள்ள ஆபத்து.

தமிழ்நாட்டு நிலவரத்தைச் சொல்லிவிடுகிறேன். தேசிய குடும்பநல ஆய்வின்படி 2015-16இல் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 30.9 சதவீதம் பேர் அதிக எடையோடு இருந்தார்கள். 2019-21இல் அது 40.4 சதவீதம். நாலைந்து வருஷத்தில் இவ்வளவு ஏற்றம். அதே ஆய்வில் ரத்தசோகை உள்ள பெண்கள் 53.4 சதவீதம். இரண்டையும் சேர்த்துப் பாருங்க. உடம்பு பருமனாகவும் இருக்கிறது, சத்து குறைவாகவும் இருக்கிறது. 'நல்லா சாப்பிட்டு குண்டாயிட்டா' என்று சொந்தக்காரங்க விசேஷ வீட்டில் சொல்வது தப்பு என்று இந்த இரண்டு எண்களே சொல்லிவிடும். நல்லா சாப்பிடாததால்தான் பாதிப் பிரச்சினையே.

கழுத்துக் கருப்பு அழுக்கு இல்லை

வயசுப் பொண்ணுங்களுக்குக் கழுத்தின் பின்பக்கமும் அக்குளிலும் வெல்வெட் மாதிரி கருத்திருப்பதைப் பார்த்திருப்பீங்க. அம்மாக்கள் கடலை மாவு, எலுமிச்சை என்று போட்டுத் தேய்ப்பார்கள். தேய்த்தால் போகாது. பெரும்பாலும் அது இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்று தோல் காட்டுகிற அடையாளம். கூடவே மாதவிடாய் இரண்டு மூன்று மாதம் தள்ளிப்போகிறது, முகத்தில் முடி, பரு என்றால் பிசிஓஎஸ் ஆக இருக்கலாம். சினைப்பையில் நீர்க்கட்டி என்று நாம் சொல்கிறோமே, அது. இதை வெறும் கர்ப்பப்பைப் பிரச்சினை என்று நினைத்து, 'கல்யாணம் ஆனா சரியாயிடும்' என்று ஒத்திப் போடுகிற வீடுகள் இன்னும் இருக்கின்றன. கல்யாணத்துக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. எடை அதிகமாக இருப்பவர்கள் அதில் 5 முதல் 10 சதவீதம் குறைத்தாலே பலருக்கு மாதவிடாய் ஒழுங்குக்கு வருகிறது. 70 கிலோ இருக்கிற பெண்ணுக்கு அது மூன்றரையிலிருந்து ஏழு கிலோ. சினிமா நடிகை மாதிரி ஆக வேண்டியதில்லை.

நாற்பத்தைந்தைத் தாண்டியவர்களுக்கு வேறு கதை. மாதவிடாய் நிற்கிற காலத்தில் ஈஸ்ட்ரோஜன் குறையும்போது, அதுவரை தொடையிலும் இடுப்பின் பின்பக்கத்திலும் சேர்ந்த கொழுப்பு வயிற்றுக்கு இடம் மாறுகிறது. சாப்பாடு கூடவில்லை, ஆனால் ஜாக்கெட் இறுக்குது என்று சொல்கிற அக்காக்களே, நீங்கள் பொய் சொல்லவில்லை.

தட்டில் என்ன இருக்கு?

காலையில் நாலு இட்லி, சட்னி. மதியம் சோறு, சாம்பார், ரசம், கொஞ்சம் பொரியல். சாயந்தரம் டீ, முறுக்கு அல்லது பிஸ்கட். ராத்திரி தோசை. பழக்கமான சாப்பாடுதான், யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் காலை, மதியம், இரவு மூன்று வேளையும் தட்டின் நடுவில் உட்கார்ந்திருப்பது அரிசிதான். நம் உடம்புக்குக் கிடைக்கிற சக்தியில் பெரும்பங்கு மாவுச்சத்திலிருந்தே வருகிறது. புரதம் ரொம்பக் குறைவு.

சாம்பார் இருக்கே, பருப்பு இருக்கே என்பீங்க. ஒரு கணக்குப் போடுவோம். ரேஷனில் மாதம் ஒரு கிலோ துவரம்பருப்பு வாங்குகிறோம். நாலு பேர் வீட்டில் அதை மட்டுமே நம்பினால் ஒரு நாளைக்கு 33 கிராம் பருப்பு. 100 கிராம் துவரம்பருப்பில் சுமார் 22 கிராம் புரதம். அப்படியென்றால் அந்த 33 கிராமில் 7 கிராம் சொச்சம். நாலாக வகுத்தால் தலைக்கு இரண்டு கிராம்கூட வரவில்லை. 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்குத் தேவை ஒரு நாளைக்கு சுமார் 46 கிராம். சாம்பாரில் பருப்பு தேடினால் கிடைக்காதது கரண்டியின் குற்றமில்லை.

அதனால் சோற்றை விட்டுவிடச் சொல்லவில்லை. மதியம் நாலு கரண்டி போடுகிறவர் இரண்டு கரண்டியாக்கி, அந்த இடத்தில் காயும் புரதமும் வரட்டும். தட்டில் பாதி காய்கறி, கீரை. கால்வாசி சோறு. மீதிக் கால்வாசியில் முட்டை, மீன், கோழி, கெட்டிப் பருப்பு, கொண்டைக்கடலை, பச்சைப்பயறு, தட்டைப்பயறு இவற்றில் எது முடிகிறதோ அது. ஒரு முட்டையில் 6 கிராம் புரதம். மத்தி மீன் வஞ்சிரத்தைவிடப் பல மடங்கு விலை குறைவு, சத்தில் குறைவில்லை. சைவம் சாப்பிடுகிறவர்களுக்குச் சுண்டல், தயிர், நிலக்கடலை. நவராத்திரிக்கு ஒன்பது நாள் தினம் ஒரு சுண்டல் செய்யத் தெரிந்த ஊர்தானே இது. மீதி நாட்களில் ஏன் மறந்துவிடுகிறது என்று எனக்குப் புரிவதே இல்லை.

சாப்பிடுகிற வரிசையும் முக்கியம். முதலில் காயும் பருப்பும் சாப்பிட்டு, சோற்றைக் கடைசியில் சாப்பிட்டால் சாப்பாட்டுக்குப் பிறகு சர்க்கரை ஏறுகிற வேகம் குறைகிறது. காசு செலவில்லாத வழி இது.

சிறுதானியம் பற்றிக் கட்டாயம் கேட்பீங்க. கேழ்வரகு நல்லது. 100 கிராமில் சுமார் 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து, அரிசியைவிட அதிக நார்ச்சத்து. நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் 2023இல் ரேஷனில் அரிசிக்குப் பதிலாக இரண்டு கிலோ கேழ்வரகு தரத் தொடங்கியதும் இதற்காகத்தான். ஆனால் அதிலும் மாவுச்சத்து ஏறக்குறைய அரிசி அளவுக்கே இருக்கிறது. 'சிறுதானியம்தானே' என்று இரண்டு பெரிய உருண்டை களி சாப்பிட்டால் சர்க்கரை ஏறத்தான் செய்யும். கம்மங்கூழ், பழைய சோறு எல்லாவற்றுக்கும் இதே பேச்சு. நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, தேன் இவையும் ரத்தத்துக்குள் போனதும் சர்க்கரைதான். வெள்ளைச் சர்க்கரையைவிட நல்லதென்று அதிகமாகப் போட்டுக்கொள்வது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது.

டீக்கு வருகிறேன். ஒரு டம்ளருக்கு இரண்டு டீஸ்பூன் சர்க்கரை என்றால் சுமார் 10 கிராம். நாளைக்கு மூன்று டீ, 30 கிராம். மாதக் கணக்கில் 900 கிராம். ஒரு ஆள், டீயில் மட்டும், ஏறக்குறைய ஒரு கிலோ. ஒரேயடியாக நிறுத்தினால் மூன்றாவது நாள் பழையபடி ஆகிவிடும். வாரத்துக்கு அரை ஸ்பூனாகக் குறைங்க. ஒரு மாதத்தில் நாக்கு பழகிவிடும். அப்புறம் வெளியே டீக்கடையில் குடித்தால் பாயசம் மாதிரி இருக்கும்.

இன்னொன்று, இதை எந்த டயட் சார்ட்டும் எழுதுவதில்லை. பிள்ளை தட்டில் வைத்த மிச்சம், பாத்திரத்தின் அடியில் ஒட்டிய இரண்டு கரண்டி சோறு, 'வீணாகப் போகக் கூடாது' என்று யார் வயிற்றுக்குள் போகிறது? எல்லாரும் சாப்பிட்டு முடித்த பிறகு, பொரியல் தீர்ந்து, முட்டையும் மீன் துண்டும் முடிந்து, சோறும் குழம்பும் மட்டும் மிஞ்சியிருக்கும்போது யார் உட்கார்ந்து சாப்பிடுகிறார்? கடைசியில் சாப்பிடுகிறவருக்குப் புரதம் குறைவதும் மாவுச்சத்து கூடுவதும் தற்செயல் இல்லை. என் வீட்டிலும் அம்மா அப்படித்தான். சமைத்தவுடனே அவங்க பங்குப் பொரியலையும் முட்டையையும் ஒரு கிண்ணத்தில் எடுத்து மூடி வைக்கச் சொன்னேன். முதல் வாரம் அந்தக் கிண்ணத்தையும் தம்பிக்கே கொடுத்தாங்க. இப்போது இல்லை. இதைப் படிக்கிற அப்பாக்களும் அண்ணன்களும் பிள்ளைகளும் கவனிக்க வேண்டிய இடம் இது. கிண்ணத்தை எடுத்து வைக்கிற வேலையை நீங்களே செய்யலாம்.

தனக்கென்று தனிச் சமையல் செய்யப் பெண்களுக்கு நேரமும் இருக்காது, மனசும் வராது. அதனால் வீட்டுக்கே பொதுவாக மாற்றுங்க. பொரியலை இரண்டு மடங்காக்குவது, எண்ணெயை அளந்து ஊற்றுவது, வாரத்தில் பொரித்த பலகாரத்தைக் குறைப்பது எல்லாருக்கும் நல்லதுதான். பட்டினி மட்டும் வேண்டாம். காலையில் வெறும் டீயோடு ஓடிவிட்டு மூன்று மணிக்கு ஒரு பிடி பிடிப்பது உடம்புக்கு இரட்டைத் தண்டனை. சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் விரதம் இருப்பதற்கு முன்னால் டாக்டரிடம் கட்டாயம் கேளுங்க. திடீரென்று சர்க்கரை இறங்கி மயக்கம் போடுவது நடக்கிற விஷயம்தான்.

வாட்ஸ்ஆப்பில் வருகிற 'பத்து நாளில் பத்து கிலோ' பவுடர்களைப் பற்றி அதிகம் பேச விருப்பமில்லை. காசை அனுப்பாதீங்க.

வீட்டு வேலை போதாதா?

இந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. வயலில் களை எடுக்கிறவர், சித்தாள் வேலைக்குப் போகிறவர், தலையில் கூடை சுமந்து விற்கிறவர் இவர்களிடம் போய் 'வாக்கிங் போங்க' என்று சொல்வது அபத்தம். அவர்களுக்குத் தேவை தட்டில் புரதமும் உடம்புக்கு ஓய்வும்தான். ஆனால் மிக்சி, கிரைண்டர், வாஷிங் மிஷின் வந்த வீட்டில் வேலை நீளமாக இருக்கும், மூச்சு வாங்காது. நின்றே இருப்பதால் கால் வலிக்கும், அசதியாக இருக்கும். இதயத்துக்கும் தசைக்கும் பயிற்சி கிடைத்திருக்காது. தையல் மிஷின், கம்ப்யூட்டர், பில் போடுகிற கவுண்டர் முன்னால் உட்கார்ந்திருப்பவர்கள் நிலை இன்னும் மோசம்.

சாப்பிட்ட பிறகு ரத்தத்தில் ஏறும் சர்க்கரையை அதிகம் வாங்கிக்கொள்கிற இடம் தசைதான். தசை அசையும்போது இன்சுலின் உதவி இல்லாமலேகூடச் சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்கிறது. அதனால் சாப்பிட்டு முடித்தவுடன் பத்துப் பதினைந்து நிமிஷம் நடப்பது, மொட்டை மாடியிலோ தெருவிலோ வீட்டுக்குள்ளேயோ, பெரிய பலன் தரும். ராத்திரி சாப்பிட்டுவிட்டு சீரியல் பார்க்கும்போது விளம்பர இடைவேளையில் எழுந்து நடங்க.

உலக சுகாதார நிறுவனம் சொல்வது வாரத்துக்கு 150 நிமிஷம். அதாவது வாரத்தில் ஐந்து நாள் அரை மணி நேரம். பேச முடியணும், பாட முடியக் கூடாது, அந்த வேகம். மொத்தமாக அரை மணி நேரம் கிடைக்காதவர்கள் பத்து பத்து நிமிஷமாகப் பிரித்துக்கலாம். விடியல் பயணம் பஸ்ஸில் டிக்கெட் காசு இல்லை என்பதால் ஒரு ஸ்டாப் முன்னாடி இறங்கினால் நஷ்டமும் இல்லை. போனில் அடி எண்ணும் செயலி இருக்கும். இன்றைக்கு எவ்வளவு நடக்கிறோம் என்று முதலில் ஒரு வாரம் சும்மா பாருங்க, பிறகு அதைவிட ஆயிரம் அடி கூட்டுங்க. பத்தாயிரம் என்று எடுத்தவுடனே மிரள வேண்டாம்.

நடை மட்டும் போதாது. வாரத்தில் இரண்டு நாள் தசைக்கு வேலை கொடுக்கணும். முப்பது வயதுக்குப் பிறகு தசை மெல்லக் குறையத் தொடங்கும். ஜிம் தேவையில்லை. கையால் பிடிக்காமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருங்க, பத்து முறை. சுவரில் கை ஊன்றித் தள்ளுங்க, பத்து முறை. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை இரண்டு கையிலும் பிடித்துத் தோளுக்கு மேலே தூக்குங்க. இப்படி மூன்று சுற்று. முட்டிவலி இருக்கிறவர்கள் நாற்காலியில் தலையணை போட்டு உயரத்தைக் கூட்டிக்கொள்ளலாம். நைட்டியோடு வெளியே நடக்கக் கூச்சம், தெருவில் நாய், விளக்கில்லாத ரோடு இவை எல்லாம் உண்மையான தடைகள்தான். சுயஉதவிக் குழுவில் நாலைந்து பேர் சேர்ந்து ஒரே நேரம் வைத்துக்கொண்டால் பாதி தடை போய்விடும். 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தில் 2023 நவம்பரிலிருந்து மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை அடையாளம் காட்டியிருக்கிறார்கள். எட்டையும் நடக்கணும்னு கட்டாயமில்லை.

நெஞ்சு இறுக்கம், மூச்சுத்திணறல் வந்தால் உடனே நிறுத்திவிட்டு 108ஐ அழையுங்க. பெண்களுக்கு மாரடைப்பு சில சமயம் தாடை வலியாக, முதுகு வலியாக, காரணமில்லாத அசதியாக வரும். 'கேஸ்' என்று ஓமத் தண்ணீர் குடித்துப் படுத்துவிடாதீங்க.

தூக்கத்தையும் சொல்லணும். நாலரைக்கு எழுந்து, பதினொன்றரைக்குப் படுத்து, அதிலும் அரை மணி நேரம் ரீல்ஸ். தூக்கம் தொடர்ந்து ஆறு மணி நேரத்துக்குக் குறைந்தால் பசியும் சர்க்கரையும் கூடும். உங்கள் கையில் இருக்கிற போனிலேயே இதைச் சொல்கிறோம், என்ன செய்ய.

எடை இறங்கவில்லை என்றால்?

மூன்று மாதம் நடந்தும் எடை மிஷின் அசையவில்லை என்று விட்டுவிடுகிறவர்கள் அதிகம். சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் நடத்திய ஆய்வு ஒன்று 2006இல் வெளியானது. சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 531 பேரைச் சுமார் மூன்று வருஷம் கவனித்தார்கள். வழக்கமான ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் 55 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் வந்துவிட்டது. சாப்பாட்டையும் நடையையும் மாற்றியவர்களில் 39 சதவீதம் பேருக்குத்தான் வந்தது. இத்தனைக்கும் அவர்களின் எடை பெரிதாகக் குறையவில்லை. எடை குறையாமலே உள்ளே கணக்கு சரியாகிக்கொண்டிருந்தது. ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன், அந்த 531 பேரில் பெண்கள் 110 பேர்தான். ஆய்விலும் நாம்தான் கம்மி. ஆஸ்பத்திரி வரிசையிலும் நமக்கென்று நிற்பது கம்மி.

கர்ப்ப காலத்தில் சர்க்கரை இருந்தவர்கள் கவனிக்க

இந்தப் பேச்சில் ஒன்றே ஒன்றை ஞாபகம் வைத்துக்கொள்ள முடியும் என்றால் இந்தப் பகுதியை வைத்துக்குங்க. எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் சர்க்கரைப் பரிசோதனை கட்டாயம் என்று 2007இலேயே ஆணையிட்ட மாநிலம் தமிழ்நாடு. 75 கிராம் குளுக்கோஸ் கரைசலைக் குடிக்கச் சொல்லி, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள். 140 அல்லது அதற்கு மேல் இருந்தால் கர்ப்ப கால சர்க்கரை. அந்த நேரத்தில் எல்லாரும் தாங்குவார்கள். பிரசவம் முடிந்தவுடன் பெரும்பாலானவர்களுக்குச் சர்க்கரை நார்மலுக்கு வந்துவிடும். 'போயிடுச்சு' என்று ஃபைலை பீரோவில் வைத்துவிடுவோம். குழந்தைக்குத் தடுப்பூசி ஒன்றுகூடத் தவறாது, அம்மாவுக்கு ஒரு பரிசோதனைகூட நடக்காது.

கர்ப்ப கால சர்க்கரை இருந்த பெண்ணுக்குப் பின்னால் சர்க்கரை நோய் வருகிற வாய்ப்பு மற்றவர்களைவிடச் சுமார் ஏழு மடங்கு. அதனால் பிரசவமான ஆறாவது வாரத்துக்கும் பன்னிரண்டாவது வாரத்துக்கும் நடுவில் மறுபடி குளுக்கோஸ் பரிசோதனை செய்யணும். பிறகு வருஷத்துக்கு ஒரு முறை. தாய்ப்பால் கொடுப்பது அம்மாவின் சர்க்கரைக்கும் நல்லது. பிரசவத்துக்குப் பின் அசையாமல் படுக்க வைத்து நெய்யும் இனிப்பும் ஊட்டுகிற பத்திய முறையைப் பாட்டிமாரிடம் கொஞ்சம் பக்குவமாகப் பேசி மாற்ற வேண்டியிருக்கும். சண்டை வேண்டாம். நர்ஸம்மா சொன்னாங்க என்று சொல்லிப் பாருங்க, வேலை செய்யும்.

எங்கே போவது?

ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அரசு மருத்துவமனையிலும் தொற்றா நோய்ப் பிரிவு இருக்கிறது. 30 வயது தாண்டிய யாரும் ரத்த அழுத்தம், சர்க்கரை பார்த்துக்கொள்ளலாம், பணம் வேண்டாம். பெண்களுக்கு மார்பக, கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனையும் உண்டு. ஒரே நாளில் முடித்துக்கொண்டால் இன்னொரு நாள் கூலி மிச்சம். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், உங்கள் ஊர்ப் பெண் தன்னார்வலரே வீட்டுக்கு வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்ப்பார், ஏற்கெனவே சிகிச்சையில் இருப்பவர்களுக்கு மாத்திரையும் கொண்டு வருவார். அவர் வரும்போது மாமனார், மாமியாரை மட்டும் காட்டிவிட்டு நீங்கள் அடுப்படிக்குள் போய்விடாதீங்க. உங்கள் கையையும் நீட்டுங்க.

சந்தேகம் கேட்க 104.

வெறும் வயிற்று சர்க்கரைக்கு ராத்திரி எட்டு மணிக்குச் சாப்பிட்டு, மறுநாள் காலை டீ குடிக்காமல் போங்க. தண்ணீர் குடிக்கலாம். 100க்குக் கீழே நார்மல், 100 முதல் 125 வரை விளிம்பு, 126 அல்லது அதற்கு மேல் என்றால் மறுபடி ஒரு முறை எடுத்து உறுதி செய்வார்கள். விரலில் குத்திப் பார்த்ததில் அதிகமாக வந்தால் நரம்பிலிருந்து ரத்தம் எடுத்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்க. ரிப்போர்ட்டைப் போனில் போட்டோ எடுத்து, தேதியோடு தனி ஆல்பத்தில் வைங்க. கர்ப்ப காலத்தில் சர்க்கரை இருந்தவர்கள் அந்தத் தாய் சேய் நல அட்டையையும் பீரோவிலிருந்து எடுத்து, பையில் போட்டுக்கொண்டு கிளம்புங்க. பிள்ளைக்கு எத்தனை வயதாகியிருந்தாலும் பரவாயில்லை.